சிகாமணி மாடல்

இந்த சீட்ல யாராவது வர்றாங்களா சார்? இல்லையா? நல்லதாப் போச்சு. அந்தப் பையை மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா நானும் உட்கார்ந்துடுவேன். திருச்சி பஸ்தானே? பாடாலூர்ல டீ குடிக்கறேன்னு இறங்கி நின்னுட மாட்டாரே டிரைவர்? எனக்கு அவசரம்னு ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டு வெச்சுக்கறேன்.

போனைக் கையிலயே பிடிச்சிருக்கேன்னு பார்க்கறீங்க. ஒரு கால் வரணும். வரணும்னா, நான் எதிர்பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்னு அர்த்தம் இல்ல. அவங்கதான் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க. அதோ, தாண்டி வந்தோமே, கோட்டைவாசல் மாதிரி ஒரு வளைவு, மேல நாலு சிங்கம், உள்ள நிறுவனர் சிலை. அந்த இன்ஜினியரிங் காலேஜ்தான். அங்க கவுரவப் பேராசிரியர்னு ஒரு போஸ்ட். அதுக்கு இன்டர்வியூ. எனக்கு! எனக்கு இன்டர்வியூ!

சிரிக்காதீங்க சார். நானே சிரிக்கலை.

நான் தெய்வசிகாமணி. அரசாங்கக் காலேஜ்ல புரொபசரா இருந்து ரிட்டையர் ஆனவன். டிரான்சிஸ்டர் ஆராய்ச்சி. பழைய ரேடியோவை நினைச்சுக்காதீங்க, எல்லாரும் அதையேதான் நினைக்கறாங்க. உங்க போனுக்குள்ள கோடிக்கணக்குல பொடிப்பொடியா இருக்கு பாருங்க, அது. ஒரு சிப்பை செய்யறதுக்கு முன்னாடி அது எப்படி வேலை செய்யும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்ப்பாங்க. கம்ப்யூட்டருக்கு டிரான்சிஸ்டரைப் பத்தி என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. நாமதான் சமன்பாடா எழுதிக் கொடுக்கணும். இவ்வளவு வோல்ட் கொடுத்தா இவ்வளவு கரண்ட் ஓடும்னு. அதுக்குத்தான் மாடல்னு பேரு. என் மாடலுக்கு சிகாமணி மாடல்னே பேரு. நான் வெச்சுக்கலை சார், ஊர் உலகம் வெச்சது. ஒரு காலத்துல பெங்களூர்ல சிப் டிசைன் பண்ற பசங்க சாப்ட்வேரைத் திறந்தா லிஸ்ட்ல என் பேரு இருக்கும். இப்ப இல்ல. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அதுக்கு முன்னாடி, இந்த வயசுல எதுக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. பென்ஷன் வருது, சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ரிட்டையர் ஆனா என்ன ஆகுது தெரியுமா? மறுநாளே கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு வேலை செய்யாது. அந்த சாப்ட்வேருக்கு லைசென்ஸ் காலேஜுக்குத்தான் தருவாங்க, தனி மனுஷனுக்குத் தர மாட்டாங்க. வீட்டு டைனிங் டேபிள்ல பென்சிலும் பேப்பருமா உட்கார்ந்திருக்கேன். எட்டு மணியானா என் வீட்டுக்காரி வந்து, "எடுங்க, இட்லி வைக்கணும்"ங்கறா. ஆராய்ச்சியை எடுத்து ஃபிரிட்ஜ் மேல வைக்கணும். போன வருஷம் ஒரு ஜர்னலுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். பேருக்குக் கீழ எந்த நிறுவனம்னு போடணும் இல்ல? எங்க வீட்டு அட்ரஸைப் போட்டேன். தில்லைநகர், பத்தாவது கிராஸ். படிக்காமலே திருப்பி அனுப்பிட்டான். எரிபொருளே இல்லாம ஓயாம ஓடற இயந்திரம் கண்டுபிடிச்சேன்னு கடுதாசி போடற கிறுக்கனுங்க இருக்காங்க பாருங்க, அந்தக் கணக்குல என்னைச் சேர்த்துட்டான். அது எனக்குத் தாங்கலை சார். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், தாங்கலை. பேருக்குக் கீழ ஒரு காலேஜ் பேரு வேணும். எந்தக் காலேஜா இருந்தா என்ன, சிங்கம் இருந்தா என்ன, சிலை இருந்தா என்ன.

சரின்னு அப்ளிகேஷன் போட்டா, அங்க ஹெச்.ஓ.டி. யாரு? அங்கயற்கண்ணி.

உங்களுக்குத் தெரியாது. என் ஸ்டூடண்ட். அருப்புக்கோட்டைப் பொண்ணு. என்கிட்டதான் பி.ஹெச்.டி. பண்ணினா. நான் ஆளாக்கின பொண்ணு. என் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்தவளும் அவதான்.

எப்படின்னு சொல்றேன். டிரான்சிஸ்டருக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை. நடுவுல கதவு மாதிரி ஒண்ணு. கரண்ட் கிளம்பற முனைக்கு சோர்ஸ்னு பேரு, போய்ச் சேர்ற முனைக்கு டிரெயின். என் சமன்பாடு முழுக்க சோர்ஸ்ல நின்னு பார்த்து எழுதினது. அங்கேர்ந்து இது எவ்வளவு, அது எவ்வளவுன்னு. எங்கேயாவது ஒரு இடத்துல நின்னுதானே பார்க்கணும்? நான் சோர்ஸ்ல நின்னேன். வருஷக்கணக்கா யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

இந்தப் பொண்ணு லேப்ல டிரான்சிஸ்டர்ல ஓடற கரண்டை அளந்துக்கிட்டிருந்தா. எனக்கு இந்த அளக்கற வேலை மேல பெரிய மரியாதை கிடையாது, வெளிப்படையாவே சொல்லிடறேன். யோசிக்கத் தெரியாதவன்தான் அளந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். மைக்ராஸ்கோப்ல கண்ணை வெச்சுக்கிட்டு, ஊசி மாதிரி ரெண்டு கம்பியை சிப் மேல இறக்கி, மூச்சு விடாம... சரி, அவ பண்ணிக்கிட்டிருந்தா. ஒருநாள் ஒயரை மாத்தி மாட்டிட்டா. சோர்ஸுக்குப் போக வேண்டியது டிரெயினுக்கு, டிரெயினுக்குப் போக வேண்டியது சோர்ஸுக்கு. சாதாரணக் கவனக்குறைவு. வேற யாரா இருந்தாலும் நாக்கைக் கடிச்சுக்கிட்டுத் திருப்பி மாட்டியிருப்பாங்க. இவ என்ன பண்ணினா, அந்த அளவையும் எடுத்து கிராஃப் போட்டுக்கிட்டு என் ரூமுக்கு வந்து நிக்கறா.

"சார், மாத்தி மாட்டினாலும் டிரான்சிஸ்டர் ஒரே மாதிரிதான் வேலை செய்யுது. நம்ம மாடல்தான் பூஜ்யத்துல உடையுது"ன்னா.

நம்ம மாடலாம்!

பார்த்தேன். கரண்டை வரைஞ்சா கோடு வழவழன்னு அழகாத்தான் போகுது. அந்தக் கோட்டோட சரிவு எப்படி மாறுதுன்னு கணக்குப் போட்டு இன்னொரு படம் வரைஞ்சிருக்கா. யார் கேட்டாங்க அதை? அதுல, ரெண்டு பக்கமும் சம வோல்டேஜ் இருக்கற இடத்துல, பூஜ்யத்துல, ஒரு முறிவு. குச்சி ஒடிஞ்ச மாதிரி. இவ்வளவூண்டு.

"ஒழுங்கா மாட்டும்மா, இது சோர்ஸ், இது டிரெயின்"னேன்.

"சார், டிரான்சிஸ்டருக்கு எது சோர்ஸ் எது டிரெயின்னு தெரியாது. நாமதானே பேர் வெச்சோம்?"

"எனக்குத் தெரியும்"னேன். வேற என்ன சொல்றது சார்? இருபது வருஷ சர்வீஸ் ஆளுகிட்ட ஒரு ஸ்டூடண்ட் பேசற பேச்சா அது?

நான் கெட்டவன் இல்ல. வழியும் சொல்லிக் கொடுத்தேன். "கிராஃபை ஏன் பூஜ்யத்துல ஆரம்பிக்கறே? கொஞ்சம் தள்ளி ஆரம்பி"ன்னேன். இதுல தப்பு என்ன இருக்கு? கல்யாண வீட்டுல போட்டோ எடுக்கறவன் எச்சில் இலையையும் சேர்த்தா எடுக்கறான்? எதைக் காட்டணும், எதை விடணும்னு ஒரு விவஸ்தை வேணும். நான் எழுதின எந்தக் கட்டுரையை வேணா எடுத்துப் பாருங்க, ஒரு படம்கூட பூஜ்யத்துல ஆரம்பிக்காது. அது அனுபவம்.

அவ கேக்கலை. டிபார்ட்மென்ட் செமினார்ல, எல்லா புரொபசரும் உட்கார்ந்திருக்கும்போது, அந்த முறிஞ்ச படத்தை ஸ்கிரீன்ல இவ்வளவு பெரிசாப் போட்டா. ரெண்டு பக்கமும் மாறி மாறி கரண்ட் ஓடற சர்க்யூட்ல இந்த மாடலை வெச்சுக் கணக்குப் போட்டா தப்பு வருது, கம்பெனிக்காரங்க ஏன்னு தெரியாம முழிக்கறாங்கன்னு ஆரம்பிச்சா. நான் எழுந்திரிச்சேன். "உட்காரும்மா"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கத்தலை. உட்கார்ந்துட்டா. புரொஜெக்டரை யாரோ அணைச்சாங்க.

அப்புறம் தீசிஸ் எழுதி எடுத்துக்கிட்டு வந்தா. கைடு கையெழுத்துப் போட்டாத்தான் யுனிவர்சிட்டி வாங்கும், தெரியுமில்ல? அந்த அத்தியாயத்தை எடுத்தாத்தான் போடுவேன்னேன். அழுவான்னு நினைச்சேன். அவங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வருவா, நானும் நாலு புத்திமதி சொல்லி, கடைசியில எதையாவது விட்டுக்கொடுத்துப் போட்டுடலாம்னுகூட நினைச்சு வெச்சிருந்தேன். நான் என்ன கல்லா? ஆனா அவ ஒரு தடவை கேட்டா, நான் முடியாதுன்னேன், அவ்வளவுதான். மறுநாளே அத்தியாயத்தை எடுத்துட்டு வந்து நீட்டினா. போட்டேன். டிகிரி வாங்கினா. எவ்வளவு அடக்கமான பொண்ணுன்னு வீட்டுல சொன்னேன்.

அடக்கம்! டிகிரி கைக்கு வந்ததும் அந்த அத்தியாயத்தைத் தனியாக் கட்டுரையா எழுதி, தன் பேரை மட்டும் போட்டு, பெரிய ஜர்னல்ல வெளியிட்டுட்டா. முறிவை மட்டும் காட்டினாளா, சரி பண்ணவும் செஞ்சிருக்கா. ரெண்டு முனையையும் சமமா வெச்சு, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணேங்கற மாதிரி புதுசா எழுதியிருக்கா. அதுல பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, முக்கால்வாசி என் சமன்பாடுதான். நின்ன இடத்தை மட்டும் மாத்தியிருக்கா. கடைசி வரியில எனக்கு நன்றி வேற. பூஜ்யத்துக்குப் பக்கத்துல கவனமாப் பார்க்கணும்னு புரிய வெச்சதுக்காக நன்றியாம். அது பாராட்டா குத்தலான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியலை. என் வீட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன். "நல்ல பொண்ணுங்க"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

அதுக்கப்புறம் சாப்ட்வேர்க்காரன் அவ எழுதினதைச் சேர்த்துக்கிட்டான், என்னுதை எடுத்துட்டான். ஒரு ஈமெயில் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. அன்னிலேர்ந்து அவகூட நான் பேசினதில்ல. இன்னிக்குத்தான் மறுபடி முகம் பார்க்கறேன்.

இன்டர்வியூன்னா என்ன நினைக்கறீங்க? நாலு பெரிய மனுஷங்க உட்கார்ந்து மரியாதையாப் பேசுவாங்கன்னா? டெமோ கிளாஸ் எடுக்கணுமாம் சார். தனியார் காலேஜ் பழக்கம். துணிக்கடையில புடவையை உடுத்திக் காட்டற மாதிரி, பிள்ளைங்க முன்னாடி நின்னு பாடம் நடத்திக் காட்டணும். கடைசி பெஞ்ச்ல டைரக்டர். நிறுவனரோட மருமகன், ஏதோ மார்பிள் வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்தாராம். பக்கத்துல அங்கயற்கண்ணி. நான் உள்ள நுழைஞ்சதும் எழுந்து நின்னா. அதைப் பார்த்து வகுப்பே எழுந்து நின்னுது. அது ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிச்சிருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

எந்தத் தலைப்பு வேணா எடுக்கலாம்னாங்க. நான் எதை எடுப்பேன்? என் மாடலைத்தான் எடுத்தேன். அவ முன்னாடி வேற எதை எடுத்தாலும் ஒதுங்கிப்போன மாதிரி ஆயிடும் இல்ல? பிரமாதமாப் போச்சு சார். போர்டு நிறைய சமன்பாடு. சாக்பீஸ் கையில பட்டு எவ்வளவு நாளாச்சு! என் குரல் எனக்கே நல்லா இருந்தது. கிராஃப் போட்டேன். ரெண்டாவது பெஞ்ச்ல ஒரு பொண்ணு எழுந்தா. ரெட்டைச் சடை, பெரிய கண்ணாடி.

"சார், கோட்டை ஏன் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கலை?"

திரும்பிப் பார்த்தேன். ஆமா, கொஞ்சம் தள்ளித்தான் ஆரம்பிச்சிருந்தேன். கை பழக்கம்.

"அது அவசியமில்லை. உட்காரும்மா"ன்னேன்.

அது உட்காரலை. "இல்ல சார், பூஜ்யத்துலதானே..."ன்னு இழுக்குது. நாலஞ்சு பேர் சிரிக்கறாங்க. அந்த மார்பிள்காரர் ஏதோ மேட்ச் பார்க்கற மாதிரி முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்துட்டார். எனக்குச் சட்டுனு புரிஞ்சுபோச்சு. இது ஏற்பாடு. இவ சொல்லிக் கொடுத்துக் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. எத்தனை வருஷம் மனசுல வெச்சிருந்திருக்கா பாருங்க!

அப்பத்தான் அங்கயற்கண்ணி கடைசி பெஞ்ச்லேர்ந்து எழுந்தா. "நல்ல கேள்வி. சார் இதை உங்களுக்கு வீட்டுக்கணக்கா விட்டிருக்காங்க. குறிச்சுக்கோங்க, நாளைக்கு நான் பார்க்கறேன்"னா. பிள்ளைங்க எல்லாம் தலையைக் குனிஞ்சு எழுதுதுங்க. அந்தக் கண்ணாடிப் பொண்ணும் உட்கார்ந்துடுச்சு.

என்னைக் காப்பாத்தறாளாம் சார்! என்னை! யாரு, என் ஸ்டூடண்ட்! அவ எழுந்து நாலு கேள்வி கேட்டிருந்தா நான் நாலு பதில் சொல்லியிருப்பேன். ஒரு மனுஷனை அவமானப்படுத்தறதுக்கு இதைவிட வேற வழி இருக்கா?

அப்புறம் அவ ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போய் ஹெச்.ஓ.டி. நாற்காலியில உட்கார்ந்துட்டேன். பழக்கம் சார், மேஜையைப் பார்த்தா அந்தப் பக்கம்தான் கால் போகும். அவ போய் எதிர்ல, வர்றவங்க உட்கார்ற பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டா. பியூன் காபி கொண்டுவந்து, யாருக்கு முதல்ல வைக்கறதுன்னு தெரியாம நிக்கறான்.

"சார், இங்க லைசென்ஸ் இருக்கு. லேப் பக்கத்துல ஒரு ரூம் ஒழிச்சுத் தரலாம். கிளாஸ்கூட எடுக்க வேண்டாம். நீங்க வந்து எழுதினாலே எங்களுக்குப் பெருமை"ன்னா.

கிளாஸ் எடுக்க வேண்டாமாம். எப்படி ஊசி ஏத்தறா பார்த்தீங்களா? இருந்தாலும் ரூம்னு சொன்னதும் எனக்கு மனசு கொஞ்சம் அப்படியே... ஜன்னல் இருக்குமான்னுகூட யோசிச்சேன். வெளியில காட்டிக்கலை. "பார்க்கலாம்"னேன். வராந்தாவுல வரும்போது அந்த மருமகன் குரல் கேட்டுது. "கேள்வி கேட்டாலே எரிஞ்சு விழறாரேம்மா, இவரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" அதுக்கு அவ ஏதோ தாழ்ந்த குரல்ல சொல்லிக்கிட்டிருந்தா. நின்னு கேக்கற புத்தி எனக்குக் கிடையாது. பாதிதான் காதுல விழுந்தது. மத்தியானத்துக்குள்ள முடிவு பண்ணி போன் பண்றோம்னாங்க. எனக்கு வேற இடத்துல மீட்டிங் இருக்குன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். மீட்டிங் ஒண்ணும் இல்ல. உட்கார்ந்து காத்துக்கிட்டிருந்தா என்ன மதிப்பு சொல்லுங்க?

ஆங்... அடிக்குது. அவதான். இருங்க, ரெண்டு ரிங் போகட்டும்.

ஹலோ. ஆங், சொல்லும்மா. பஸ்லதான் இருக்கேன். இல்ல இல்ல, நீ சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். அது சரிப்பட்டு வராதும்மா. ஆமா. எனக்கும் ரெண்டு மூணு இடத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்காங்க. தினம் இவ்வளவு தூரம் பஸ்ல வர்றதும் கஷ்டம். உங்க டைரக்டருக்கும் நான் ஒத்துவர மாட்டேன். வேற யாரையாவது பார்த்துக்கோங்க. ஆங்... ஆங்... அப்படியா... இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா... சரி. சரிம்மா. ம். வெச்சுடறேன்.

...

என்ன சொன்னான்னா சார், டைரக்டர்கிட்ட பேசிப் பேசி இப்பத்தான் சம்மதம் வாங்கினாளாம். ரூமைக்கூட திறந்து பெருக்கச் சொல்லிட்டாளாம். "ஆனா உங்களுக்குச் சிரமம்னா நான் வற்புறுத்தலை சார், இன்னொருத்தர் இங்கேயே உட்கார்ந்திருக்காரு, அவர்கிட்ட சொல்லிடறேன். உடம்பைப் பார்த்துக்கோங்க"ன்னா. அவ்வளவுதான். வெச்சுட்டா.

நீங்களே சொல்லுங்க சார். விருந்துல இலை முன்னாடி உட்கார்ந்து போதும் போதும்னு கையை மறிச்சா, பரிமாறறவன் உடனே வாளியைத் தூக்கிக்கிட்டு அடுத்த இலைக்குப் போயிடுவானா? "இருக்கட்டுங்க, கொஞ்சூண்டு"ன்னு ஊத்த மாட்டானா? அதுதானே முறை? பெரியவங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. இன்னொரு தடவை கேக்கணும். "அப்படிச் சொல்லாதீங்க சார், நீங்கதான் வரணும்"னு ஒரு வார்த்தை. அப்பவும் யோசிக்கறேன்னுதான் சொல்லியிருப்பேன். மூணாவது தடவை கேட்டா சரின்னிருப்பேன். இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா வரும்? என்ன படிச்சு என்ன, எந்தப் பதவிக்கு வந்து என்ன! ஒரு தடவை முடியாதுன்னா முடியாதுன்னு எடுத்துக்கறதா? யார் சொல்லிக் கொடுத்தா அவளுக்கு இந்தப் பழக்கத்தை?

இல்ல, கூப்பிடுவா. யோசிச்சுப் பார்த்துட்டுக் கூப்பிடுவா. நல்ல பொண்ணுதான் சார், நான் வளர்த்த பொண்ணு. இந்தப் பக்கம் சிக்னல் சரியில்ல, அதான். பாறையும் மேடுமா இருக்கு பாருங்க. உங்க போன்ல எத்தனை கோடு காட்டுது? முழுசாவா? என்னுதுலயும் முழுசாத்தான் காட்டுது. இதை நம்ப முடியாது சார், கோடு காட்டும், கால் வராது. ஒண்ணு பண்ணுங்களேன். என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க. சொல்றேன், அடிங்க. தொண்ணூத்து நாலு, நாற்பத்து மூணு... ஆங், அதேதான். அப்புறம் அறுபத்தேழு, பதினெட்டு, பூஜ்யம் அஞ்சு.

அடிக்குது.

நல்லாத்தான் அடிக்குது. போதும், கட் பண்ணிடுங்க சார். லைனைப் பிடிச்சு வெச்சிருக்காதீங்க, அவ கூப்பிடற நேரம்.